தோட்டா வேனில் டயர் புகைந்தால் தண்ணீர் ஊற்றுவதா, ஓடுவதா?

கேள்வி: எங்க டீக்கடை பல்லடம் – தாராபுரம் ரோட்டு மேல இருக்குதுங்க. பக்கத்துல எடை மேடை, பின்னால நாலு தறிக்குடோன். குவாரிக்குப் பாறை உடைக்கற வெடித் தோட்டா ஏத்திட்டுப் போற வேன் டீ குடிக்க நம்ம கடையிலதான் நிக்கும். போன மாசம் ஒரு வேனோட பின்சக்கரத்துல புகை வந்துது. பசங்க பக்கெட்டுல தண்ணி ஊத்தி அமத்திட்டாங்க. பொறவுதான் உள்ள இருக்கறது என்னன்னு தெரிஞ்சு எல்லாருக்கும் கைகால் நடுங்கிருச்சு. அடுத்த தடவை இப்படி ஆனா தண்ணி ஊத்தறதா, ஓடறதா? ஓடறதுன்னா எவ்வளவு தூரம்? இன்னொண்ணுங்க, அந்த வேனை அனுப்பறவரு நம்ம பழைய வெங்காயப் பட்டறையில ராத்திரிக்கு மட்டும் ரெண்டு பெட்டி வெச்சுக்கறேன், வாடகை தர்றேங்கறாரு. குடுக்கலாங்களா?

பதில்:

பட்டறை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். பதில் "கூடாது" என்பதை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பையன்கள் செய்தது தப்பில்லை. தீ சக்கரத்தோடு நின்றிருந்ததால் அது தப்பில்லாமல் போனது. அடுத்த முறை பக்கெட்டைத் தூக்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: தீ சரக்குப் பெட்டிக்கு வெளியே இருக்கிறதா, பெட்டியைத் தொட்டுவிட்டதா? வெளியே என்றால் ஒரு முயற்சி செய்யலாம். தொட்டுவிட்டால் முறையாகப் பயிற்சி பெற்ற எந்தத் தீயணைப்புப் படையும் கிட்டே போகாது. ஆட்களை அப்புறப்படுத்திவிட்டுத் தள்ளி நிற்கும். நீங்களும் அதையே செய்ய வேண்டும்.

"கேப் இல்லாம தோட்டா வெடிக்காதுங்க, சும்மா எரியும்" என்று ஓட்டுநர் சொல்வார். கேப் என்பது தோட்டாவை வெடிக்கத் தூண்டும் சிறு குழாய். குவாரியில் பாதிப் பேர் இதையே சொல்வார்கள். திறந்த வெளியில் ஒன்றிரண்டு தோட்டா எரிந்தால் பல சமயம் அப்படித்தான். ஆனால் அட்டைப் பெட்டிகளை நெருக்கி அடுக்கிப் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் சூடு வெளியேற வழியில்லை. எரிவது எந்த நொடியில் வெடிப்பாக மாறும் என்று யாராலும் கணிக்க முடியாது. சில நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். மண்ணைக் கொட்டி, சாக்கைப் போர்த்தி அணைப்பதும் நடக்காது. வெடிமருந்து எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது, வெளிக்காற்றை மறித்துப் பயனில்லை.

இப்போது டயர். அணைக்கலாம் என்று விதிவிலக்கு உள்ள இடம் இது, தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேனில் டயர் தீப்பிடிக்கப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். பிரேக் ஜாம் ஆகி டிரம் பழுக்கக் காய்வது. இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயரில் காற்று இறங்கி, இரண்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே ஓடுவது. வீல் பேரிங் போவது. மூன்றிலும் சூடு உள்ளே பிறந்து வெளியே வருகிறது. நீங்கள் பார்க்கும் புகை கடைசிக் கட்டம். ஒரு பக்கெட் தண்ணீரில் வெளியே ஜுவாலை அடங்கினாலும் உள்ளே ரப்பர் கங்காகக் கனன்றுகொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் திரும்பப் பற்றும். டீ குடித்து முடித்து வேனை எடுத்துப் போய் நாலு கிலோமீட்டரில் மறுபடி பிடிப்பது இப்படித்தான்.

எனவே முதலில் ஓட்டுநரைச் சரக்கு என்னவென்று கேளுங்கள். எஞ்சினை அணைத்து, பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சையும் அணைக்கச் சொல்லுங்கள். கடையில் இருப்பவர்கள் இப்போதே கிளம்பட்டும். டயர் அணைகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நிற்க வேண்டாம். சக்கரத்தருகே இரண்டு பேர் போதும், மூன்றாவது ஆள் தேவையில்லை. வேனில் இருக்கும் தீயணைப்பானை ஓட்டுநர் எடுக்கட்டும். 6 கிலோ பவுடர் சிலிண்டர் 15 முதல் 20 நொடிதான் வரும். அது ஜுவாலையை அடக்கும், சூட்டை அடக்காது. அதன் பின்னாலேயே தண்ணீர் போக வேண்டும். கடையின் 20 லிட்டர் கேனெல்லாம் எந்த மூலைக்கு? போர் மோட்டார் ஓஸ் பைப்போ, தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கும் டிராக்டர் டேங்கரோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அணைத்தோம் என்று சொல்ல முடியும். சக்கரத்துக்கு நேர் பக்கவாட்டில் நிற்கவே கூடாது. லாரி டயருக்குள் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று இருக்கும். சூட்டில் வெடித்தால் ரிம் வளையமும் ரப்பர் துண்டும் பக்கவாட்டில்தான் பாயும். வண்டியின் முன்புறமோ பின்புறமோ நின்று சாய்வாக அடியுங்கள்.

அணைந்த பின் அரை மணி நேரமாவது தண்ணீர் விட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவரை ஆட்கள் திரும்பி வரக் கூடாது, வேனும் நகரக் கூடாது.

இந்த முயற்சியைக் கைவிட வேண்டிய அடையாளங்கள்: மட்கார்டைத் தாண்டி ஜுவாலை பெட்டியின் அடித்தளத்தை நக்குகிறது, பெட்டியின் பெயின்ட் கொப்பளிக்கிறது, கதவிடுக்கில் புகை கசிகிறது, சிலிண்டர் தீர்ந்தும் தீ அடங்கவில்லை. இதில் ஏதாவது ஒன்று போதும். கதவைத் திறந்து பார்க்காதீர்கள், பெட்டிகளை இறக்கிக் காப்பாற்ற நினைக்காதீர்கள். "ஊரைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுடறேன்" என்று ஓட்டுநர் வீரம் காட்டினால் தடுத்துவிடுங்கள். சரக்கு ஒருமுறை சூடேறிவிட்டால் அந்த வண்டியை அசைக்கக் கூடாது என்பது விதி.

எவ்வளவு தூரம்? வெடிமருந்து வண்டி விபத்துக்கு உள்ளாகித் தீ இல்லையென்றால் சுற்றிலும் 500 மீட்டர். சரக்கு பெரிய அளவில் சிதறியிருந்தால் 800 மீட்டர். தீ சரக்கைத் தொட்டுவிட்டால் 1,600 மீட்டர், நாலு திசையிலும். அளந்து பார்க்க நேரமிருக்காது. சாலையோரக் கற்களைப் பாருங்கள். கிலோமீட்டர் கல்லுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒரு சிறு கல் நட்டிருப்பார்கள். கிலோமீட்டர் கல்லையும் சேர்த்து எட்டுக் கல் தாண்டினால் ஏறக்குறைய 1,600 மீட்டர். உங்கள் கடையிலிருந்து இரு பக்கமும் எட்டாவது கல் எங்கே இருக்கிறது என்று நாளைக் காலையிலேயே வண்டியில் போய்ப் பார்த்து வையுங்கள்.

பல்லடம், காங்கயம் பக்கம் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும். புகை கிழக்கே போகும். அம்மோனியம் நைட்ரேட் கலந்த சரக்கு எரிந்தால் வரும் செம்பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும், அதன் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். ஆகவே முடிந்தவரை மேற்கே நகருங்கள். மற்ற மாதங்களில் காற்று வேறு பக்கம் இருக்கும், அன்றைய காற்றைப் பாருங்கள். ஓட முடியாத வயசாளிகளைக் கிளுவை வேலிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு வராதீர்கள். வேலி எதையும் தடுக்காது. ஓடைப் பள்ளம், உயர்ந்த மண்கரை இவற்றின் மறைவில் குப்புறப் படுக்க வைப்பது மேல்.

நீங்கள் கேட்க மறந்த ஒன்று தறிக்குடோன். அங்கே தறி ஓடும் சத்தத்தில் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளே கேட்காது. ஆளை அனுப்பி ஒவ்வொரு தறியாகச் சொல்லிக்கொண்டிருக்க நேரமுமில்லை. மெயினை இறக்குங்கள். தறி நின்றால் எல்லோரும் தானாக வெளியே வருவார்கள். அப்போது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். நாலு குடோனுக்கும் மெயின் எங்கே இருக்கிறது என்று கடையில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். குடோன்காரர்களிடம் இன்றைக்கே பேசிவிடுங்கள், அன்றைக்குப் போய் மெயினை இறக்கினால் நூல் அறுந்த கணக்குக் கேட்டுச் சண்டைக்கு வருவார்கள்.

இன்னொரு ஆபத்து வேடிக்கை. 2004 மே 24 அன்று ருமேனியாவின் மிஹைலேஷ்டி கிராமத்தருகே 20 டன் அம்மோனியம் நைட்ரேட் ஏற்றிய லாரி கவிழ்ந்து தீப்பிடித்தது. சுமார் ஒரு மணி நேரம் கழித்து வெடித்தது. இறந்த 18 பேரில் அணைக்கப் போன தீயணைப்பு வீரர்களும் இருந்தார்கள், படம் பிடிக்கப் போன தொலைக்காட்சிக்காரர்களும் இருந்தார்கள். 2022 ஜனவரி 20 அன்று கானாவின் அப்பியாட்டே ஊரில் சுரங்கத்துக்கு வெடிமருந்து கொண்டுபோன லாரி ஒரு மோட்டார் சைக்கிளோடு மோதித் தீப்பிடித்து வெடித்ததில் அந்த ஊரே தரைமட்டமானது. நம் ஊரில் செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிற கூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் தள்ளி வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வெளிச்சம் முதலில் தெரியும், அதிர்வலை ஏறக்குறைய மூன்று நொடி கழித்து வரும். அந்த மூன்று நொடியில் என்னவென்று பார்க்க ஜன்னலுக்கு வருகிறவர்களின் முகத்தில்தான் கண்ணாடி இறங்கும். வெளிச்சம் தெரிந்தால் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தரையில் படுங்கள்.

போன் 112-க்கோ 101-க்கோ. தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் 1033-யும் உண்டு. முதல் வார்த்தையே "வெடிமருந்து வண்டி" என்றிருக்க வேண்டும். "லாரி தீப்பிடிச்சுருச்சு" என்று மட்டும் சொன்னால் தீயணைப்பு வண்டி நேராகப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். அடுத்து கிலோமீட்டர் கல்லின் எண், எந்த ஊர் பக்கம் போன வண்டி, தீ சரக்கைத் தொட்டதா இல்லையா, காற்று எந்தப் பக்கம், பலகையில் உள்ள நாலு இலக்க எண். வேனுக்குப் பக்கத்தில் நின்று போன் பேச வேண்டாம். உள்ளே ஒயர் வழியாக மின்சாரத்தில் வெடிக்கும் எலெக்ட்ரிக் கேப் இருக்கிறதா, மின்சாரம் இல்லாமல் டியூப் வழியாக வெடிக்கும் நானெல் கேப் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. எலெக்ட்ரிக் கேப் இருந்தால் 100 மீட்டருக்குள் வயர்லெஸ் கருவி எதையும் இயக்கக் கூடாது.

அந்தப் பலகை பற்றி ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன்படி அபாயச் சரக்கு வண்டியில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும்: பொருளின் பெயர், 100 மில்லிமீட்டர் உயர எழுத்தில் ஐ.நா. எண் (அந்த நாலு இலக்க எண்), ஆரஞ்சு நிறச் சாய்சதுர அடையாளம், அனுப்புகிறவரின் பெயரும் தொலைபேசி எண்ணும். 0241 என்றால் குவாரிக்குப் போகும் எமல்ஷன் அல்லது ஸ்லரி தோட்டா. 0029 என்றால் நானெல் கேப், 0030 எலெக்ட்ரிக் கேப். 0335, 0336 பட்டாசு. மஞ்சள் அடையாளத்தோடு 1942 என்றிருந்தால் அம்மோனியம் நைட்ரேட். "அது வெறும் உரம்" என்ற பேச்சை நம்பாதீர்கள், எரிந்தால் அதற்கும் அதே தூரம்தான். இது ஏட்டில் இருப்பது. ரோட்டில் ஓடும் பலகையில் பெயின்ட் உரிந்திருக்கும், போட்டிருக்கும் எண்ணை அழைத்தால் "உபயோகத்தில் இல்லை" என்று வரும். ஓட்டுநர் கையில் இருக்க வேண்டிய அவசர அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், அதுவும் டேஷ்போர்டு அடியில் மசாலா பொட்டலத்தோடு கிடக்கும். அபாயச் சரக்கு ஓட்டுபவருக்கு மூன்று நாள் பயிற்சி கட்டாயம். வகுப்புக்கே போகாமல் சான்றிதழ் மட்டும் வாங்கித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள், அதைச் சரிபார்க்க வேண்டியவர்கள் கையெழுத்தை மட்டும் பார்க்கிறார்கள். பெரிய ஆலைகளில் வருஷா வருஷம் ஒத்திகை நடக்கிறது, போட்டோ வருகிறது. தோட்டா வண்டி தினமும் கடக்கும் கிராமத்தில் எட்டாவது கல் எங்கே என்று ஒருவருக்கும் சொல்லித் தந்ததில்லை.

தீயில்லாமல் வேன் கவிழ்ந்தால் ஆபத்து குறைவு என்று நினைக்காதீர்கள், அங்கே வேறு ஆட்கள் வருவார்கள். முதலில் வருவது ரெக்கவரி வண்டி. யார் தகவல் சொன்னார்களோ தெரியாது, போலீசுக்கு முன்னால் வந்து நிற்கும். சரக்கை இறக்காமலே கொக்கி மாட்டி இழுத்துப் போட்டுப் பில் போடுவதுதான் அவர்கள் கணக்கு. இரும்பு தார்ரோட்டில் உரசித் தீப்பொறி பறக்கும். கீழே டீசல் கொட்டியிருக்கும். உள்ளே நசுங்கிய கேப் பெட்டி. உரிமம் உள்ளவர்களும் போலீசும் வந்து சரக்கை வேறு வேனுக்கு மாற்றாமல் கிரேனோ ஜேசிபியோ தொடக் கூடாது. "டிராபிக் ஜாம் ஆகுது, சீக்கிரம் எடுங்க" என்று சீருடையில் இருப்பவரே சொன்னாலும் 500 மீட்டருக்கு வெளியே இருந்துகொண்டு, இது வெடிமருந்து என்று 112-இல் மறுபடி சொல்லுங்கள்.

அடுத்து வருவது நம் பிள்ளைகள். தோட்டா பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பசை போலிருக்கும், யாரும் பெரிதாகச் சீண்டுவதில்லை. கேப்தான் இழுக்கும். சுண்டு விரலை விட மெல்லிசான பளபளக்கும் அலுமினியக் குழாய், அதிலிருந்து நீளும் கலர் டியூபோ இரண்டு ஒயரோ. அடி, தேய்ப்பு, சூடு எதுவும் அதற்குப் போதும். ஒன்று கையில் வெடித்தால் விரல்கள் மிஞ்சாது. விபத்து நடந்து இரண்டு நாள் கழித்தும் பள்ளத்தில், கோரைப்புல்லில் ஒன்றிரண்டு கிடக்கலாம். கண்ணில் பட்டால் தொடாமல், பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பிள்ளைகளையும் ஆடுமாடுகளையும் விலக்கிவிட்டுப் போலீசைக் கூப்பிடுங்கள். கிணறு வெட்டும் கம்ப்ரஷர்காரர் வந்து "நம்ம சரக்குதானுங்க, எடுத்துக்கறேன்" என்றாலும் விடாதீர்கள்.

உரிமத்தோடு ஓடும் தோட்டா வேனையாவது பலகை பார்த்து அடையாளம் காணலாம். ஐப்பசி நெருங்கும்போது பார்சல் லாரியில் வரும் பட்டாசுக்கு அதுவும் கிடையாது. புக்கிங் ஆபீஸ் புரோக்கர் "அட்டைப் பெட்டி", "நோட்டுப் புத்தகம்" என்று பில் போட்டு, பனியன் பண்டலுக்கு நடுவே சொருகி அனுப்புவார். லாரி வெடித்தால் ஓனருக்கு இன்சூரன்ஸ் கூட நிற்காது, புரோக்கர் கமிஷன் மட்டும் நின்றுவிடும். 2023 அக்டோபர் 7 அன்று ஓசூரை ஒட்டிய அத்திப்பள்ளியில் வண்டியிலிருந்து பட்டாசு இறக்கும்போது பிடித்த தீயில் இறந்தவர்களில் பலர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன பையன்கள். எடை மேடை உங்கள் கடைக்குப் பக்கத்தில் இருப்பதால் சொல்கிறேன்: பில்லில் நோட்டுப் புத்தகம், லோடு பார்க்கக் கூரை வரை, எடை மட்டும் சம்பந்தமே இல்லாமல் குறைவு என்றால் சந்தேகப்படுங்கள். காகிதம் கனமானது.

இப்போது வெங்காயப் பட்டறை. உங்களைக் கேட்டவர் கண்டிப்பாக ஒரு லைசென்ஸ் ஜெராக்ஸ் காட்டுவார். வெடிபொருள் விதிகள் 2008-இன் கீழ் தோட்டாவை வைத்திருக்க எல்.இ.-3, வேனில் கொண்டுபோக எல்.இ.-7 என்று உரிமங்கள் உண்டு. எல்.இ.-3-இல் மேகசின், அதாவது வெடிமருந்துக் கிடங்கு, இருக்கும் இடம் சர்வே எண்ணோடு இருக்கும். அந்தச் சர்வே எண் உங்கள் பட்டறையுடையதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்த ஜெராக்ஸ் உங்களுக்கு எந்த விதத்திலும் காவல் இல்லை. வேன் உரிமம் என்பது கொண்டுபோகத்தான், இரவு தங்க வைக்க அல்ல. "ரெண்டு பெட்டி" என்று சாதாரணமாகச் சொல்கிறார். ஒரு பெட்டி பொதுவாக 25 கிலோ, இரண்டும் சேர்ந்தால் 50 கிலோ வெடிமருந்து, நாலு தறிக்குடோனுக்கு முன்னால். மேகசினைச் சுற்றி வீடு, ரோடு எதுவும் இவ்வளவு தூரத்துக்குள் இருக்கக் கூடாது என்று கணக்கு வைத்திருப்பது சும்மா இல்லை. பிடிபட்டால் வெடிபொருள் சட்டம் 1884-இன் 9பி பிரிவு, நிலைமையைப் பொறுத்து 1908-ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் பாயும். வழக்கு பட்டறைக்காரர் மேல்தான் முதலில் விழும். வாடகை பேசியவரின் போன் அன்றைக்கே ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கும்.

அவர் ஏன் பட்டறை தேடுகிறார் என்பதையும் ஊகிக்கலாம். குவாரியில் மிச்சம் விழுந்த சரக்கை மேகசினுக்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கணக்கில் ஏற்றாமல், கிணறு வெட்டுக்கும் வேறு இடத்துக்கும் சில்லறையாக விற்பதற்காக இருக்கலாம். முடியாது என்று சொல்லிவிட்டு, வேன் எண், வரும் நேரம், என்ன கேட்டார் என்பதை எழுதிக் கோட்டாட்சியருக்கும் காவல் ஆய்வாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உரிமம் தரும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புக்கு நாக்பூரில் தலைமையகம், சென்னையில் அலுவலகம். அங்கும் ஒரு நகல். நேரில் போய்ச் சொன்னால் "பாத்துக்கறோம்" என்பார்கள், தபால் ரசீது கையில் இருந்தால் பதில் சொல்லியாக வேண்டும். பெயர் போட்டு எழுதப் பயமாக இருந்தால் ஊராட்சித் தலைவர், தறிக்குடோன்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். வேனை டீக்கு நிறுத்துவதைத் தடுக்க உங்களுக்கு அதிகாரமில்லை என்று நினைக்க வேண்டாம், கடை முன்னால் உள்ள இடம் உங்களுடையது. குடியிருப்பு இல்லாத பக்கம், ரோட்டை விட்டு இறங்கி, ஒருவர் வண்டியிலேயே இருக்க நிற்கட்டும். டீயைப் பையனிடம் அங்கே கொடுத்தனுப்புங்கள்.